பழைய வெள்ளிப் பாத்திரமும் ஷரீஅத்தின் தராசும்

 

மயிலாப்பூரில் வசிக்கும் சகோதரர் ஒருவர் சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு துணி மூட்டையுடன் நம்மிடம் வந்தார். அவருடைய தாயார் காலமாகி நாற்பது நாட்களும் ஆகியிருக்கவில்லை. தகப்பனார் முன்னரே இறையடி சேர்ந்துவிட்டார். வாரிசுகள் இவர் ஒரு மகன், இரண்டு சகோதரிகள், வேறு எவருமில்லை. அம்மா விட்டுச் சென்ற டிரங்குப் பெட்டியில் கொஞ்சம் வெள்ளிச் சாமான் இருந்ததாம். மூவரும் உட்கார்ந்து, மளிகைக் கடைத் தராசைக் கொண்டுவந்து, ஷரீஅத் முறைப்படி எடை போட்டுப் பங்கிட்டார்களாம். மொத்த எடை 1,516 கிராம். ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் மகனுக்குப் பாதியாகிய 758. பெண்மக்களுக்குக் கால் கால் பங்காகிய 379. மகன் 688 கிராம் எடையுள்ள தாம்பாளத்தையும் ஆறு பழைய ரூபாய்களையும் எடுத்துக்கொண்டார். அடையாறில் இருக்கும் அக்காவுக்கு 380 கிராம் பன்னீர்ச் செம்பு. தங்கைக்கு 308 கிராம் சந்தனக் கும்பாவும் ஆறு ரூபாய்களும். ஒரு கிராம், இரண்டு கிராம் வித்தியாசத்தைப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக் கொண்டார்கள்.

எவ்வளவு அழகான பங்கீடு! இந்தக் காலத்தில் இப்படி உட்கார்ந்து பங்கிடும் குடும்பங்கள் எத்தனை? ஆனால் தி.நகரில் ஒரு கடையில் தாம்பாளத்தைக் கொண்டுபோய் வைத்தபோது, கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது வெள்ளியே அல்ல, ஜெர்மன் சில்வர் என்று சொல்லி மேசைமேல் தள்ளிவிட்டார். ஆறு ரூபாய்களிலும் மூன்று மட்டமானவை என்றும் சொல்லியிருக்கிறார். சகோதரருக்கு முகம் செத்துவிட்டது. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது அக்கா. பெட்டிச் சாவியும் அக்காவிடம். "தெரிந்தே எனக்கு இதைத் தள்ளிவிட்டார்களா ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்டபோது அவருடைய குரல் தழுதழுத்தது. அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் உறவு அறுந்துவிடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அக்காவையும் தங்கையையும் பொருட்களோடு வரச் சொல்லுங்கள், சோதித்துப் பார்த்த பிறகு பேசுவோம் என்றோம். எடை வேறு, வெள்ளி வேறு என்பதை நம்மில் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. ஆனால் நம் மார்க்கத்தில் ஒரு பாத்திரம் வெள்ளியா, எத்தனை வெள்ளி என்ற ஒரே கேள்வியின்மீது பல சட்டங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன: அதில் உண்ணலாமா, அதற்கு ஜகாத் உண்டா, அதை எப்படி விற்பது, எப்படிப் பங்கிடுவது. ஆகவே இது பத்தர் கடைச் சமாசாரம் என்று ஆலிம்கள் ஒதுக்கிவிட முடியாது.

வெள்ளிப் பாத்திரத்தின் விற்பனையைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு சம்பவம் வருகிறது. முஆவியா (ரலி) அவர்களின் தலைமையில் நடந்த ஒரு போரில் கிடைத்த பொருட்களில் வெள்ளிப் பாத்திரம் ஒன்றிருந்தது. மக்களுக்கு அரசு மானியம் வரும்போது அதிலிருந்து விலையைப் பெற்றுக்கொள்வதென்று அதை விற்க உத்தரவாயிற்று. ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் எழுந்து, தங்கத்தைத் தங்கத்துக்கும் வெள்ளியை வெள்ளிக்கும் சரிக்குச் சரியாகவும் கைக்குக் கையாகவும் அல்லாமல் விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததைத் தாம் கேட்டதாக அறிவித்தார்கள். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முஆவியா (ரலி) அவர்கள் இதை ஆட்சேபித்தபோதும் உபாதா (ரலி) அவர்கள் தம் சொல்லிலிருந்து பின்வாங்கவில்லை. இதையொத்த இன்னொரு சம்பவத்தில், அபுத் தர்தா (ரலி) அவர்கள் முறையிட்டதன்பேரில் கலீபா உமர் (ரலி) அவர்களே, எடைக்கு எடை சமமாக அல்லாமல் இப்படி விற்கலாகாது என்று முஆவியா (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணக்கிடக்கிறது.

கைபரில் நடந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். பளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் தங்கமும் மணிகளும் கோத்த ஒரு மாலையைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தால் தங்கம் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கு அதிகமாக இருந்தது. இதை நாயகத்திடம் (ஸல்) சொன்னபோது, பிரித்துப் பார்க்காமல் விற்கப்படலாகாது என்று அருளினார்கள். கலப்புப் பொருளைக் கண்ணால் மதிப்பிட்டு ஒப்பந்தம் செய்வதன் விபரீதத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இதிலிருந்தும் இதுபோன்ற நபிமொழிகளிலிருந்தும் நம் இமாம்கள் ஒரு விதியை எடுத்தார்கள்: ஒரே இனப் பொருளில், சமம் என்று தெரியாமலிருப்பதும், சமமில்லை என்று தெரிந்திருப்பதும் சட்டத்தில் ஒன்றே.

இனி சோதனைக்கு வருவோம்.

முதலில் முத்திரை. கவிழ்த்துப் பார்த்தால் தாம்பாளத்தின் அடியில் ஈ.பி.என்.எஸ். என்ற ஆங்கில எழுத்துக்கள் தேய்ந்து கிடந்தன. நிக்கல் சில்வர் என்னும் உலோகத்தின்மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசப்பட்டது என்பதற்கு இது குறி. 1840-ல் பர்மிங்ஹாம் நகரின் எல்கிங்டன் கம்பெனியார் இந்த முலாம் வித்தைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதன் பிறகு உலகமெங்கும் வெள்ளியைப் போலத் தோன்றும் பாத்திரங்கள் பெருகிவிட்டன. நிக்கல் சில்வரும் ஜெர்மன் சில்வரும் ஒன்றுதான். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. பெயரில் சில்வர் உண்டே தவிர உள்ளே வெள்ளி கிடையாது. (நம்மூரில் எவர்சில்வர் என்று சொல்கிறோமே, அதிலும் அப்படித்தான்!) இங்கிலாந்தில் செய்யப்பட்ட அசல் வெள்ளியாயின் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும், அது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு அடையாளம். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம் என்று ஊர்க் குறியும் சேர்ந்திருக்கும்.

ஆனால் முத்திரை இல்லாததனால் வெள்ளியல்ல என்று சொல்லிவிடலாகாது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த நாட்டில் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் சர்க்கார் சாலை எதுவும் இருக்கவில்லை. மவுண்ட் ரோட்டில் பேர்பெற்ற பி.ஆர் அண்டு சன்ஸ் போன்ற கம்பெனிகள் தங்கள் பெயரை மட்டும் பொறித்தன. தெருவோரப் பத்தர் அதையும் பொறிக்கவில்லை. நம் பாட்டிமார்களின் சந்தனக் கும்பாவும் சுர்மாச் சிமிழும் இப்படி ஊமையாகத்தான் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெள்ளிக்கு ஹால்மார்க் முத்திரை கொடுக்கத் தொடங்கியது 2005-ல்; ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாள எண் தரும் முறை வெள்ளிக்கு வந்தது 2025 செப்டம்பர் 1-ல்; அதுவும் விரும்பியவர் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடாகவே வந்தது. ஆகவே பழைய சாமானில் முத்திரையைத் தேடுவது பாதி வேலைதான்.

மீதிப் பாதிக்கு நாம் மதரஸாவில் ஓதிய கிதாபையே திறந்தோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், ஜகாத் பாடத்தில், தங்கமும் வெள்ளியும் சேர்த்து உருக்கப்பட்ட பாத்திரத்தின் மஸ்அலா வருகிறது. எது எவ்வளவு என்று தெரியாவிட்டால், பேணுதலாக இரண்டையுமே அதிகமாக வைத்து ஜகாத் கொடுக்க வேண்டும். அல்லது பிரித்தறிய வேண்டும். பிரித்தறிவது எப்படி? விரிவுரையாளர்கள் இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று நெருப்பு, மற்றொன்று நீர். ஒரு பாத்திரத்து நீரில் அதே எடைத் தங்கத்தைப் போட்டு நீர் ஏறும் அளவைக் குறித்துக்கொள்; அதே எடை வெள்ளியைப் போட்டுக் குறித்துக்கொள்; பின்பு கலவையைப் போட்டு, எந்தக் குறிக்கு அருகில் நிற்கிறது என்று பார். ஓதிய காலத்தில் இந்த இடத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்ததோடு சரி. ஒரு நாள் மயிலாப்பூர் தாம்பாளத்துக்குப் பயன்படும் என்று நாம் நினைத்ததில்லை. மர்வு நகரத்து அறிஞர் அல்காஸினீ என்பவர் ஹிஜ்ரி 515-ல், கி.பி. 1121 வாக்கில், இந்த நீர்த் தராசைப் பற்றியே மீஸானுல் ஹிக்மா என்றொரு பெரிய நூல் எழுதியிருக்கிறார். நம் முன்னோர் இதை எவ்வளவு பொருட்படுத்தினார்கள் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

இன்று சமையலறையில் வைக்கும் எலெக்ட்ரானிக் தராசு ஒன்றிருந்தால் இந்தச் சோதனையை எவரும் செய்யலாம். பொருளை முதலில் காய்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பொருளை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுதும் மூழ்கும்படி கையால் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம், பொருள் ஒதுக்கிய நீரின் அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் வருவது, அப்பொருள் தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது. தூய வெள்ளிக்கு இது 10.49. செம்பு கலந்த பழைய வெள்ளிக்குப் பத்துக்குச் சற்று மேல். செம்புக்கு 8.96, பித்தளையும் ஜெர்மன் சில்வரும் எட்டரையை ஒட்டி நிற்கும். பொருளின் குழிவில் காற்றுக் குமிழி தங்கினால் கணக்குப் பிசகும். அதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

சந்தனக் கும்பா 308 கிராம். நீரில் 30 காட்டியது. வகுத்தால் 10.27. வெள்ளிதான், கொஞ்சம் செம்பு கலந்தது. தாம்பாளம் பெரிதாகையால் தராசில் செய்ய முடியவில்லை; விளிம்புவரை நிரப்பிய அண்டாவில் அதை மெல்ல அமிழ்த்தி, வழிந்த தண்ணீரைப் பிடித்து நிறுத்தோம். ஏறத்தாழ 80 கிராம். 688-ஐ வகுத்தால் 8.6. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

பன்னீர்ச் செம்பில்தான் எல்லோருக்கும் திகில் ஏற்பட்டது. 380 கிராம் எடை, நீரில் 52. வகுத்தால் 7.3! பித்தளையைவிடவும் குறைவு. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஏழு என்ற எண் ஜெர்மன் சில்வருக்கும் வராது, பித்தளைக்கும் வராது. அப்படியானால் உள்ளே இலேசான ஏதோ ஒன்று அடைபட்டிருக்கிறது. பன்னீர்ச் செம்பின் பாதத்தைத் தகடாகச் செய்து, நசுங்காமலிருக்க உள்ளே அரக்கு ஊற்றி மூடிவிடுவது பத்தர்களின் பழைய வழக்கம். பத்தரிடம் கொடுத்து அனலில் காட்டச் சொன்னோம். 20 கிராம் அரக்கு வடிந்தது. மிச்சம் 360 கிராம் உலோகம், அசல் வெள்ளி. வெள்ளைக்காரர் காலத்துக் கத்தி, முள்கரண்டிப் பிடிகளிலும் மெழுகுவத்தித் தண்டுகளிலும் இதே கதைதான். பிடி மட்டும் வெள்ளித் தகடு, உள்ளே கீலோ சிமெண்டோ, அலகு எஃகு. இப்படிப்பட்டதை எடை போட்டு வெள்ளி என்று விற்பவர், ஈரத் தானியத்தை உள்ளே மறைத்து உலர்ந்ததை மேலே காட்டிய வியாபாரியை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை எண்ணிப் பார்க்கட்டும். அரக்கு இருப்பது தெரிந்தால் கேட்காமலே சொல்லிவிடுவது கடமை.

நீர்ச் சோதனைக்கும் எல்லை உண்டு. வெள்ளியா இல்லையா என்று அது சொல்லும். நூற்றுக்கு எண்பதா தொண்ணூறா என்பதை வீட்டுத் தராசில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஈயம் வெள்ளியைவிடக் கனமானது (11.34), மட்டமான உலோகத்தோடு அதைச் சேர்த்து எண்ணை உயர்த்திக் காட்டும் மோசடியும் உண்டு. காந்தத்தை வைத்துப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெள்ளியும் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது, இரும்பை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். சூடான தேநீரில் கரண்டியை வைத்துப் பார்ப்பது அதைவிட மேல். வெள்ளியில் பிடிவரை உடனே சுடும். ஜெர்மன் சில்வரில் சூடு மெதுவாகத்தான் ஏறும். பத்தர் அரத்தால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டு, அதில் ஒரு சொட்டு திராவகம் விடுவார். பச்சையாக நுரைத்தால் செம்புக் கலவை. இதை வீட்டில் செய்யத் துணிய வேண்டாம். கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. பெரிய கடைகளில் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் இயந்திரம் நொடியில் எண்ணைச் சொல்லும். ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கிறது. கெட்டி முலாம் போட்ட பாத்திரத்தில் ஏமாந்துவிடும். ஆகவே கீறிய இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் கும்பா 88 டச், செம்பு 80 டச் என்று வந்தது. டச் என்று வெள்ளிக் கடைகளில் சொல்வது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பதையே. கும்பாவின் 308 கிராமில் தூய வெள்ளி 271. செம்பின் 360-ல் 288.

ரூபாய்களின் கதை வேறு. ஆங்கிலேயர் காலத்து ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-ல் யுத்த நெருக்கடியில் அதைச் சரிபாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1947-ல் வெள்ளியே இல்லாமல் நிக்கலில் அடித்தார்கள். எடை, உருவம், ராஜா தலை எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். வருஷத்தைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பன்னிரண்டில் ஒன்பது, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட நல்ல ரூபாய்கள், ஒவ்வொன்றிலும் 10.69 கிராம் வெள்ளி. மூன்று 1943-ஆம் வருஷத்தவை, ஒன்றில் 5.83 கிராம்தான். அந்த மூன்றும் தம்பியின் பங்கில் போய் விழுந்திருந்தன.

கூட்டிப் பார்த்தோம். தூய வெள்ளி மொத்தம் 672.7 கிராம். அதில் பாதி தம்பிக்கு உரியது. அவர் கைக்கு வந்ததோ 50 கிராம்கூட இல்லை. அக்கா இதைக் கேட்டதும் அழுதுவிட்டார். மூர் மார்க்கெட்டில் வாப்பா வாங்கிவந்த தாம்பாளம் அது. அம்மா சாகும்வரை அதைத்தான் பெரிய வெள்ளி என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். தம்பிக்கு அது போகட்டும் என்றே தாம் சொன்னதாகவும், செம்பை எடுத்ததற்குக் காரணம் அதன் ஒடுங்கிய கழுத்து அம்மாவின் கைபட்டுத் தேய்ந்திருந்ததே என்றும் சொன்னார். 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையாகும்வரை பழைய சாமான்களுக்குச் சென்னையில் அதுவே பேர்போன இடம். அசலும் போலியும் ஒரே பாயில் கிடந்த இடம். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். மூவரில் எவர்மீதும் குற்றமில்லை என்று தராசே சொல்லிவிட்டது.

பங்கீடு செல்லாது, திரும்பப் பங்கிட வேண்டும் என்றோம். வெள்ளிக்கு வெள்ளி பிரிக்கும்போது சமம் என்பது வெள்ளியின் சமமே தவிர அரக்கும் செம்பும் சேர்ந்த எடையின் சமமல்ல. வாரிசுகள் விவரம் தெரிந்து மனமொப்பி விட்டுக்கொடுத்தால் அது அவர்களின் பெருந்தன்மை. தெரியாமல் கொடுத்த சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்வதற்கில்லை.

பங்கிடுவதற்கு முன் இன்னொன்று பாக்கியிருந்தது. அதைச் சொன்னபோது மூவருமே திடுக்கிட்டார்கள். வெள்ளியின் நிஸாப் இருநூறு திர்ஹம். அதை 595 கிராம் என்று கணக்கிடுகிறார்கள். தாயாரிடம் இருந்தது 672.7 கிராம். அம்மா ஜகாத் கொடுத்தாரா? 'புழங்குகிற சாமானுக்கு ஜகாத் ஏது?' என்று சொல்வாராம். இந்தத் தவறான எண்ணம் நம் பெண்மணிகளிடம் பரவலாக உள்ளது. ஷாபிஈ மத்ஹபில் ஜகாத் இல்லையென்பது பெண்கள் அணியும் ஆகுமான நகைக்கே. வெள்ளிப் பாத்திரம் அந்தச் சலுகையில் சேராது. ஏனெனில் அதைப் பயன்படுத்துவதே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஹராம். மதாயினில் ஹுதைபா (ரலி) அவர்கள் தண்ணீர் கேட்டபோது வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்து தரப்பட, அதைத் தூக்கி எறிந்துவிட்டு நாயகத்தின் (ஸல்) தடையை எடுத்துரைத்த செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. நிகாஹ் மஜ்லிஸில் வெள்ளிச் செம்பால் பன்னீர் தெளிப்பதும், வெள்ளிக் குச்சியால் சுர்மா இடுவதும் இதே சட்டத்தில் அடங்கும். உபயோகிக்காமல் வெறுமனே வைத்திருப்பதும் கூடாதென்பதே ஷாபிஈ மத்ஹபின் பலமான சொல். ஹனபீ மத்ஹபில் அதற்கு இடமுண்டு. இத்தகைய பாத்திரத்தின் ஜகாத்தில் எடையைத்தான் பார்க்க வேண்டும், வேலைப்பாட்டின் மதிப்பைச் சேர்க்கலாகாது என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். ஹராமான உருவத்துக்குச் சட்டத்தில் விலை கிடையாது. பழைய வெள்ளிப் பாத்திரத்தை உலோக விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று நாம் சொல்வதும் இதனால்தான்.

இந்த இடத்தில் இரு மத்ஹபுகளின் கணக்கும் வேறுபடுகிறது. ஷாபிஈகள் கலப்பை நீக்கித் தூய வெள்ளி நிஸாபை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஹனபீகளோ வெள்ளி மிகைத்திருந்தால் முழுவதையும் வெள்ளியாகவே கொள்வார்கள்; அவர்களின் நிஸாபு நம் நாட்டுக் கணக்கில் ஐம்பத்திரண்டரை தோலா, 612 கிராம். ஆகவே 80 டச்சில் 700 கிராம் பாத்திரம் ஒன்று மட்டும் ஒருவரிடம் இருந்தால், அதில் தூய வெள்ளி 560 தான். ஷாபிஈக்கு ஜகாத் இல்லை, ஹனபீக்கு உண்டு!

இந்தக் குடும்பம் ஷாபிஈ. அம்மாவிடம் வேறு ரொக்கமோ சேமிப்போ எப்போதும் இருந்ததில்லை என்று மூவரும் உறுதியாகச் சொன்னார்கள். முதல் ஆண்டு 672.7-ல் நாற்பதில் ஒன்று 16.8 கிராம் ஏழைகளின் உரிமை. அது போக மிச்சத்துக்கு அடுத்த ஆண்டு. இப்படியே போனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் மிச்சம் 592.7, நிஸாபைவிடக் குறைந்துவிட்டது, அதற்குமேல் கடமையில்லை. ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து 80 கிராம் தூய வெள்ளி. ஷாபிஈ மத்ஹபில் மையித்தின் ஜகாத் பாக்கி, சொத்திலிருந்து வாரிசுரிமைக்கு முன்னரே எடுக்கப்பட வேண்டிய கடன். (ஹனபீ மத்ஹபில் மையித்து வஸிய்யத் செய்திருந்தால்தான் எடுப்பது கட்டாயம், இல்லையேல் வாரிசுகள் தாமாக விரும்பிக் கொடுக்கலாம்.) வெள்ளியின் ஜகாத்தை வெள்ளியாகவே கொடுக்க வேண்டும், கலப்பு வெள்ளியானாலும் அதிலுள்ள தூய வெள்ளி கடமையின் அளவை எட்டினால் போதும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் எட்டில் 85.5 கிராம் இருக்கிறது. அந்த எட்டையும் தனியே எடுத்து வைத்தோம்.

மீதியை விற்பதற்கு அவர்கள் திரும்பவும் தி.நகர் உஸ்மான் சாலைக்குப் போனார்கள். ஒரு கடையில், பழைய வெள்ளியைக் கொடுத்துவிட்டு அதற்குப் புதுக் கொலுசு எடுத்துக்கொள்ளுங்கள், சேதாரம், செய்கூலி கழித்து எடை போட்டுத் தருகிறோம் என்றார்கள். தங்கையின் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், ஆசைதான். நாம் முன்பே எச்சரித்திருந்தோம். 400 கிராம் பழசுக்கு 300 கிராம் புதுசு என்பது வெள்ளிக்கு வெள்ளி கூடக்குறைய மாற்றுவது, அது வட்டி. கைபரின் உயர்ந்த பேரீச்சம்பழத்தை மட்டமான பழம் அதிகம் கொடுத்து மாற்றியவரிடம், மட்டமானதை முதலில் திர்ஹத்துக்கு விற்று, அந்தத் திர்ஹத்தால் நல்லதை வாங்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். அதே வழியில், விற்றதற்கு ரூபாயைக் கையில் வாங்கி எண்ணிவிட்டு, பிறகு விரும்பினால் அதே கடையிலும் கொலுசு வாங்கலாம். கடைக்காரருக்கும் இதில் நஷ்டமில்லை. ஒரு ரசீதுக்குப் பதில் இரண்டு ரசீது, அவ்வளவே. பொருளை இன்று வாங்கிக்கொண்டு பணம் வெள்ளிக்கிழமை என்று சொன்னால் கொடுக்கலாகாது. வங்கிக் கணக்கில் போடுவதானால் பணம் வந்து சேர்ந்ததைப் பார்த்தபின் பொருளை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினோம். எல்லாவற்றையும் ஒரு மொத்தமாக வைத்து 'என்ன தருவீர்கள்?' என்று கேட்கக்கூடாது. கும்பாவுக்குத் தனி எடை, தனி டச், தனி விலை, செம்புக்குத் தனி, ரூபாய்களுக்குத் தனி. தராசு முகப்பு விற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அன்றைய வெள்ளி விலையைக் கேட்டுக்கொண்டு தாமும் ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு கடை ஏறி இறங்கினார்கள். முதல் கடை செம்பை 70 டச் என்று மதிப்பிட்டது. இரண்டாம் கடை கீறிய இடத்தில் இயந்திரத்தை வைத்து 80 என்றது. முதல் கடையில் கொடுத்திருந்தால் 36 கிராம் வெள்ளி காற்றில் போயிருக்கும். மூன்று வாரிசுகளின் ஹக்கு!

கிடைத்த தொகையை நான்காகப் பிரித்து, தம்பி இரண்டும் சகோதரிகள் ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்டார்கள். எட்டு ரூபாய்களை ஜகாத் பெறத் தகுதியான இருவருக்குக் கொடுத்தபோது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெள்ளி இருக்கிறது, எங்கே விற்றால் நியாய விலை கிடைக்கும் என்பதையும் அக்கா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாராம்.

தாம்பாளத்தை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. தம்பி அதை வீட்டுக்கே கொண்டுபோனார். வெள்ளி முலாம் பூசச் சொல்வது கூடாது என்றாலும், பூசப்பட்ட பாத்திரத்தை நெருப்பில் காட்டினால் வெள்ளி எதுவும் திரண்டு வராத அளவுக்கு முலாம் மெல்லியதாயின், அதைப் பயன்படுத்தலாம் என்பது மின்ஹாஜில் ஏற்றமாக வைக்கப்பட்டுள்ள சொல். இந்தத் தாம்பாளத்திலோ முலாம் தேய்ந்து, நடுவில் மஞ்சள் உலோகமே தெரிகிறது. கும்பாவிலும் செம்பிலும் ஆகாதது இதில் ஆகும். ரமலானில் நாம் அங்கே நோன்பு திறக்கச் சென்றிருந்தபோது பேரீச்சம்பழமும் வடையும் அதில்தான் வந்தன.